போக்கும் வரத்தும்

"உங்களுக்கும் அவர்களுக்கும் போக்குவரத்து உண்டா?" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்பதுண்டு. அவர்கள் கேட்பது பேருந்தைப் பற்றியோ இரயிலைப் பற்றியோ அன்று. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகிறார்களா, வருகிறார்களா, நல்லது கெட்டதில் கலந்துகொள்கிறார்களா என்பதே அக்கேள்வியின் பொருள். தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் வாழும் எங்கள் அக்காவுக்கும் எங்களுக்கும் பத்தாண்டுகளுக்கு மேலாகப் போக்குவரத்து இல்லை. சென்ற தை மாதம் திருச்சியிலிருந்து தாம்பரத்துக்குக் காரில் சென்று வந்த மூன்று நாள் பயணத்தை எழுத வந்த நாங்கள், இதனை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

நாங்கள் என்றால் கணவனும் மனைவியும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். 1978 முதல் 1980 வரை தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் முதுகலை பயின்றோம். அங்கே அறிமுகமாகி, பின்னர்ப் பெரியோர் ஆசியுடன் திருமணம் செய்துகொண்டோம். அக்கா எங்களில் ஒருவருக்கு உடன்பிறந்தவர், மற்றவருக்கு நாத்தனார். ஆயினும் இருவர் வாயிலும் அவர் அக்காதான். அத்தான் அந்நாளில் இரயில்வேயில் பணியாற்றினார். ஞாயிறு தோறும் திருப்பலி முடிந்ததும், விடுதிச் சாப்பாட்டை மறந்துவிட்டு, நண்பர்களையும் தோழியரையும் அழைத்துக்கொண்டு இரயில்வே குடியிருப்பிலிருந்த அவர்கள் வீட்டுக்குச் சென்றுவிடுவோம். எத்தனை பேர் வந்தாலும் அக்கா முகம் சுளித்ததில்லை. எங்கள் திருமணப் பேச்சைப் பெற்றோரிடம் முதன்முதலாக எடுத்துச் சொல்லி, அவர்களை இசையச் செய்தவரும் அவரே.

அப்படிப்பட்டவரோடு எப்படி மனத்தாங்கல் வந்தது? 2014ஆம் ஆண்டு அம்மா காலமானார். ஊரில் இருந்தது ஓர் ஓட்டு வீடும் அதன் பின்னே சிறு தோட்டமும். "பெண்ணுக்குச் செய்ய வேண்டியதைக் கல்யாணத்தின்போதே செய்தாயிற்றே" என்று நாங்கள் சொன்னோம். கிறித்தவர்களுக்குரிய வாரிசுச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்பது எங்களுக்குத் தெரியாததன்று. தெரிந்தும் சொன்னோம். அக்கா வாதாடவில்லை. பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தார். அன்றோடு போக்கும் நின்றது, வரத்தும் நின்றது.

சென்ற மார்கழியில் பழைய கல்லூரி நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நாலைந்து பேர் கல்லூரி வளாகத்தில் கூடப் போவதாகவும், நாங்கள் தவறாமல் வரவேண்டும் என்றும் சொன்னார். முடிவில், "அக்கா வீட்டில்தானே தங்குவீர்கள்? அவர்கள் கை மீன் குழம்பைச் சாப்பிட்டு நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன!" என்று சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. எங்களால்தான் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவு குடும்பச் செபத்தின்போது, 'எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல' என்னும் இடத்தில் இருவருக்கும் குரல் தடுமாறியது. மன்னிக்க வேண்டியவர்கள் நாங்கள் அல்லவே. மன்னிப்புப் பெற வேண்டியவர்கள் ஆயிற்றே! மறுவாரமே வழக்கறிஞர் ஒருவரிடம் சென்று பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதச் செய்தோம்.

ஆறுகளைக் கடந்து

விடியற்காலை ஐந்து மணிக்குச் செபமாலையோடு புறப்பட்டோம். மகன் காரை ஓட்டினான். திருச்சியிலிருந்து தாம்பரம் ஏறத்தாழ முந்நூறு கிலோ மீட்டர். நாங்கள் படித்த காலத்தில் இருவழிச் சாலை. எதிரே லாரி வந்தால் பேருந்து மண்ணில் இறங்கி ஏறும். இன்று நடுவே அரளிச் செடிகள் பூத்து நிற்கும் அகன்ற நாற்கரச் சாலை. சுங்கச் சாவடிகளில் நின்று நின்று போனாலும் ஐந்தாறு மணி நேரப் பயணம்தான். ஐந்தாறு மணி நேரத்தைக் கடக்க எங்களுக்குப் பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

இந்தச் சாலையை ஆறுகளைக் கொண்டு அளப்பது எங்கள் பழைய வழக்கம். காவிரி, கொள்ளிடம், தொழுதூரில் வெள்ளாறு, விழுப்புரத்துக்கு முன்னே தென்பெண்ணை, செங்கற்பட்டுக்கு முன்னே பாலாறு. பாலாற்றுப் பாலத்தின் மேல் செல்லும்போது கீழே மணல்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அச்சிறுபாக்கத்தில் வண்டியை நிறுத்தி, மழை மலை மாதா திருத்தலத்தில் சிறிது நேரம் முழந்தாளிட்டோம். மழைக்காக மன்றாடும் மக்கள் அன்னைக்குச் சூட்டிய இனிய பெயர் அது. வானம் பொய்த்தாலும் துன்பம், மிகுந்தாலும் துன்பம் என்பதை அடுத்த இரண்டு நாட்களில் நேரில் உணரப் போகிறோம் என்பதை அப்போது அறியோம்.

செங்கற்பட்டில் கொளவாய் ஏரி வெயிலில் மின்னியது. கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் என்று வந்ததும் கண்கள் பழைய அடையாளங்களைத் தேடின, ஒன்றும் அகப்படவில்லை. அன்று வண்டலூர் என்றால் காட்டுப் பகுதி. 1985இல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா அங்கே திறக்கப்பட்டது. தென் மாவட்டப் பேருந்துகளுக்கென்று அருகிலுள்ள கிளாம்பாக்கத்தில் 2023 திசம்பர் இறுதியில் பெரிய பேருந்து முனையம் வந்துவிட்டது. அடுக்குமாடிக் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நிற்க, ஊருக்கும் ஊருக்கும் நடுவே இருந்த வெளி மறைந்துவிட்டது. தாம்பரமே 2021இல் மாநகராட்சி ஆகிவிட்டது.

கல்லூரி வனம்

மாலை நான்கு மணிக்குக் கல்லூரி வாயிலில் நண்பர்கள் காத்திருந்தனர். நால்வர்: தாவரவியல் பயின்று அரசுப் பணியில் இருந்தவர், தென்னிந்தியத் திருச்சபையின் குரு ஒருவர், பல்லாவரத்து இசுலாமிய நண்பர், தமிழ் பயின்று பேராசிரியரானவர். ஒருவர் தோளை ஒருவர் தட்டி, நரையையும் வழுக்கையையும் பரிகசித்து முடிக்கவே அரைமணி நேரம் ஆயிற்று.

அந்த வளாகத்தைக் காணாத வாசகர்களுக்குச் சில சொற்கள். சுகாத்துலாந்துத் திருச்சபையைச் சார்ந்த ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னை நகரில் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது இக்கல்லூரி. அதனை இந்தியா முழுவதும் அறியச் செய்தவர் வில்லியம் மில்லர். நூறாண்டுகள் நகரின் நெரிசலில் இருந்துவிட்டு, 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. சேலையூரை ஒட்டிய புதர்க்காடு அது. ஏறத்தாழ 365 ஏக்கர். வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்சும் அவருடைய துணைவியார் ஆலிசு அம்மையாரும் அங்கே மரங்களை நட்டு வளர்த்தனர். இன்று சுற்றிலும் கட்டடங்களாகிவிட்ட நிலப்பரப்பின் நடுவில் அது ஒரு பச்சைத் தீவு. மரத்தடியில் புள்ளிமான்கள் எங்களை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மீண்டும் மேயத் தொடங்கின.

1938 திசம்பரில், உலகப் போர் மூளுவதற்கு முந்திய ஆண்டில், பல நாடுகளின் கிறித்தவத் தலைவர்கள் அனைத்துலக மறைபரப்பு மன்ற மாநாட்டுக்காக இங்கே கூடினர். அக்கூட்டத்தில் கத்தோலிக்கர் பங்கு பெறவில்லை, காலம் அப்படி. நாற்பது ஆண்டுகள் கழித்து நாங்கள் வந்தபோது எங்களைப் பிற சபையினர் என்று எவரும் ஒதுக்கவில்லை. ஞாயிறு காலையில் திருப்பலிக்குப் புறப்படும் எங்களை, இன்று குருவாக இருக்கும் இந்த நண்பர்தாம் விடியுமுன் தட்டி எழுப்புவார்.

மின்சார இரயிலைப் பற்றிப் பேசாமல் தாம்பரத்து மாணவர் எவரும் கலைந்ததில்லை. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை 1931 மே மாதத்தில் ஓடத் தொடங்கிய மீட்டர் பாதை வண்டி அது. சானடோரியம் நிலையத்தைத் தாண்டும்போது சிலர் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்; காசநோய்க்கு அத்தனை அச்சம். ஆனால் அந்த மருத்துவமனையை 1928இல் தொடங்கியவர் நம் நாட்டவரான டாக்டர் சவுரிமுத்து என்பதையும், இங்கிலாந்தில் கணித மேதை இராமானுசத்துக்கு மருத்துவம் செய்தவர் அவரே என்பதையும் பின்னாளில்தான் அறிந்தோம். மூக்கைப் பொத்தியவர்களில் நாங்களும் உண்டு. மீட்டர் பாதை வண்டிகள் 2004இல் ஓய்ந்துவிட்டன. அகலப் பாதை வண்டிகள் அதே நெரிசலோடு ஓடுகின்றன.

பொழுது சாய்ந்தபோது குரு நண்பர் கேட்டார்: "அக்காவை ஏன் அழைத்து வரவில்லை?" இனி மறைப்பதில் பயனில்லை என்று நடந்ததைச் சொன்னோம். எவரும் கண்டிக்கவில்லை. இசுலாமிய நண்பர் மட்டும் மெல்ல, "வெள்ளத்தின்போதாவது போனீர்களா?" என்றார். தலை குனிந்தோம். "போகவில்லை, பணம் அனுப்பினோம். மறுவாரமே திருப்பி அனுப்பிவிட்டார்."

நீரின் வழி

அன்றிரவு சேலையூரில் தாவரவியல் நண்பர் வீட்டில் தங்கினோம். அவர் தாளை விரித்து ஒரு படம் வரைந்தார். நடுவே ஒரு கோடு. அது இரயில் பாதை. கிழக்கே சேலையூர், இராசகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் என்று வட்டங்கள். அவை ஏரிகள். ஓர் ஏரி நிறைந்தால் அடுத்த ஏரிக்கு நீர் செல்லும். முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் இராம்சார் பட்டியலில் அது இடம்பெற்றது. மேற்கே ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர் ஏரிகள். அவற்றின் மிகை நீர் சேர்ந்து அடையாறாக ஓடும்.

"2015 வெள்ளம் என்றதும் எல்லாரும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததைத்தான் சொல்கிறார்கள்" என்றார் நண்பர். "ஆனால் செம்பரம்பாக்கத்து நீர் திருநீர்மலை அருகில்தான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. உங்கள் அக்கா வீட்டில் புகுந்தது மேலேயுள்ள ஏரிகளின் நீர். திசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டி மீட்டர். எந்த ஊரானாலும் தாங்க முடியாத மழைதான். அதோடு வரத்துக் கால்வாய்களும் போக்குக் கால்வாய்களும் தூர்ந்தும் குறுகியும் போயிருந்தன. போக வழி இல்லாத தண்ணீர் எங்கே போகும்? வீட்டுக்குள்தான் வரும்."

அவர் ஏரியைப் பற்றித்தான் பேசினார். எங்களுக்கு வேறொன்றும் கேட்டது. உடன்பிறந்தவர்க்கிடையே ஓடும் கால்வாயைத் தூர்த்தவர்கள் யார்? நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

முடிச்சூர்

மறுநாள் காலை பத்து மணிக்கு அக்கா வீட்டு வாயிலில் நின்றோம். முன்னறிவிப்புச் செய்யவில்லை, வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம். கதவைத் திறந்தவர் எங்களை ஒரு கணம் பார்த்தார். எழுபத்தாறு வயது, கூன் விழுந்திருந்தது. "வா தம்பி, வாம்மா" என்றார். நேற்று வந்தவர்கள் இன்றும் வந்ததைப் போன்ற குரல். பேரனைப் போல வளர்ந்து நின்ற எங்கள் மகனின் கன்னத்தைத் தொட்டபோதுதான் அவர் கை நடுங்கியது.

கூடத்தில் திரு இருதய ஆண்டவர் படம். பக்கத்தில் அத்தானின் படம். அத்தான் ஓய்வு பெற்ற பணத்தில் கட்டிய வீடு அது. சுவரில் நெஞ்சளவு உயரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. மற்ற இடமெல்லாம் சுண்ணாம்பு அடித்திருந்தும் அந்த ஒரு முழ இடத்தை மட்டும் அப்படியே விட்டிருந்தார். நாங்கள் பார்ப்பதைக் கண்டு அவரே சொன்னார்.

"அன்று மாலை முழுவதும் மழை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். எப்போதும் வருவதுதானே என்று படுத்துவிட்டேன். நடு இரவில் கட்டிலின் கீழே சலசலவென்று சத்தம். விளக்கு இல்லை. மாடியில் குடியிருந்த பையன் இறங்கி வந்து, 'அம்மா, என் முதுகில் ஏறிக்கொள்ளுங்கள்' என்றான். அவன் நெற்றியில் திருநீறு. என் கழுத்தில் செபமாலை. இரண்டும் நனைந்து போயின. இரண்டு இரவுகள் மொட்டை மாடியில் இருந்தோம். அவன் மனைவி கைக்குழந்தைக்கு வைத்திருந்த பிசுக்கோத்தை எனக்கும் பகிர்ந்து கொடுத்தாள். மூன்றாம் நாள் படகில் வந்து ஏற்றிப் போனார்கள். தலைக்கு மேலே ஹெலிகாப்டர் பறந்துகொண்டே இருந்தது."

சற்று நிறுத்தினார். "படகில் ஏறியதும் ஒரு சிப்பாய், 'சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா அம்மா, தகவல் சொல்ல?' என்று கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டேன். அது பொய். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்."

எங்களால் பேச முடியவில்லை. அந்த மூன்று நாளும் நாங்கள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தோம். முடிச்சூர் என்ற பெயர் திரையில் வரும்போதெல்லாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சாலை முழுவதும் வெள்ளம், எப்படிப் போவது என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். வெள்ளம் வடிந்த பின்னும் போகவில்லை என்பதற்குச் சமாதானம் எங்களிடம் இல்லை.

பத்திரத்தை எடுத்து அவர்முன் வைத்தோம். மன்னிப்புக் கேட்க ஆயத்தம் செய்து வந்த சொற்கள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "தப்புச் செய்துவிட்டோம், அக்கா" என்பது மட்டும் வந்தது. அவர் மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தார். கால்மணி நேரம் ஆகியிருக்கும். சமையற்கட்டில் குக்கர் கூவியதைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை. பிறகு சொன்னார்:

"இதை வாங்கிக்கொள்கிறேன். அன்று நீங்கள் அனுப்பியது தருமம். அதனால் திருப்பி அனுப்பினேன். இது என் பங்கு. அம்மா வீட்டில் எனக்கும் இடம் உண்டு என்று நீங்களே எழுதிக் கொண்டுவந்திருக்கிறீர்கள். இது போதும். கையெழுத்துப் போட எப்போது வரவேண்டும் என்று சொல், வருகிறேன்."

'வருகிறேன்' என்ற அந்தச் சொல்லைக் கேட்கத்தான் முந்நூறு கிலோ மீட்டர் வந்திருந்தோம். மத்தியானம் நண்பர்கள் நால்வரையும் தொலைபேசியில் அழைத்தவரும் அக்காவே. மீன் வாங்கிவர மகனை அனுப்பினார். எட்டுப் பேர் வட்டமாக அமர்ந்து உண்டோம். காரம் பழைய காரம். கண்ணில் நீர் வந்ததற்குக் காரத்தின் மேல் பழி போட்டோம்.

மலையின் மேல்

மூன்றாம் நாள் விடியலில் அக்காவையும் அழைத்துக்கொண்டு பரங்கிமலைக்குச் சென்றோம். திருத்தூதர் தோமையார் இம்மலையில் இரத்தம் சிந்தியதாக மரபு. உச்சியிலுள்ள காணிக்கை மாதா ஆலயத்தைப் போர்த்துக்கீசியர் 1523இல் எழுப்பினர். அங்கு வணங்கப்படும் கற்சிலுவை 1547இல் கண்டெடுக்கப்பட்டது. 1986 பெப்ருவரி 5ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இங்கே வந்து செபித்தார். அன்று கூட்டத்தில் அக்காவும் அத்தானும் நின்றிருந்தார்கள். கைக்குழந்தையாயிருந்த எங்கள் மூத்த மகளை அக்காதான் தோளில் தூக்கி வைத்திருந்தார்.

முந்நூறு அடி உயரம். அக்காவால் படியேற இயலாது என்பதால் காரிலேயே சுற்றுப் பாதையில் மேலே சென்றோம். ஆயினும் அந்தப் படிகளின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். அவற்றை அமைத்தவர் பெட்ரசு உசுக்கான் என்னும் அருமேனிய வணிகர். வேற்று நாட்டிலிருந்து வந்து சென்னையில் பொருளீட்டியவர் அவர். மலைக்கு வரும் திருப்பயணிகள் அடையாற்றைக் கடக்க முடியாமல் துன்புறுவதைக் கண்டு, 1726இல் சைதாப்பேட்டையில் ஆற்றின் மேல் பாலம் ஒன்றையும் கட்டினார். இரண்டையும் பேணுவதற்கென்று பணமும் வைத்துச் சென்றார். அந்தப் பழைய பாலம் இன்று இல்லை. அதே இடத்தில் மறைமலையடிகள் பாலம் நிற்கிறது.

முடிச்சூரில் அக்காவின் வீட்டை நிறைத்த அதே ஆறுதான் அந்தப் பாலத்தின் கீழே ஓடிக் கடலில் கலக்கிறது. பாலம் கட்டினால் போதும் என்று அந்த வணிகர் எண்ணவில்லை. ஆண்டுதோறும் பழுது பார்க்க வேண்டும் என்று எண்ணினார். கால்வாயானாலும் பாலமானாலும் உடன்பிறப்பானாலும், கவனியாது விட்டால் தானே தூர்ந்து போகும் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

ஆலயத்திலிருந்து வெளியே வந்து அக்கா தென்திசையைப் பார்த்து நின்றார். கீழே விமான நிலையம். அப்பால் பல்லாவரத்துக் குன்றுகள். அதற்கும் அப்பால் மங்கலாகத் தாம்பரம். "இங்கிருந்து பார்த்தால் எல்லாம் பக்கம்தான்" என்றார்.

அவரை வீட்டில் விட்டுவிட்டுத் திருச்சிக்குத் திரும்பினோம். பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது தொலைபேசி ஒலித்தது. "செங்கற்பட்டைத் தாண்டிவிட்டீர்களா? போய்ச் சேர்ந்ததும் சொல்லுங்கள்" என்றார் அக்கா. பங்குனியில் பத்திரப் பதிவுக்கு அவர் வந்தார். பத்து நாள் எங்களோடு தங்கினார். நாங்கள் அடுத்து ஆவணியில் போகிறோம்.

இதைப் படிக்கும் குடும்பங்களில், போய்வர வேண்டிய வீடு ஒன்று உங்களுக்கும் இருக்கலாம். மழை வருமுன் போய்வாருங்கள்.